அந்த 800 வருஷத்தைப் போட்டவன் நான்தான்

போன பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாஸ்தா கோயில் நோட்டீசைக் கையில் கொடுத்தார்கள். முதல் வரியே ‘800 ஆண்டுகள் பழமை வாய்ந்த’ என்று ஆரம்பித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2012 வாக்கில், தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊருக்கு நாலு வரிக் கட்டுரை ஒன்று இருந்தது. ஆர்வக்கோளாறில் கோயிலைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். டீக்கடையில் ஒரு அண்ணாச்சி “எண்ணூறு வருஷம் இருக்கும்டே” என்று சொன்னதுதான் ஆதாரம். கோயிலில் கல்வெட்டு எதுவும் கிடையாது. சுற்றுச்சுவர் என் தாத்தா காலத்தில் கட்டியது.

நோட்டீஸ் அடித்த தம்பியிடம் கேட்டேன். “விக்கிப்பீடியாவிலேயே போட்டிருக்கே அண்ணே!”

சரி, திருத்திவிடுவோம் என்று ராத்திரி பக்கத்தைத் திறந்தால், எவரோ ஒரு புண்ணியவான் அந்த வரிக்கு அடிக்குறிப்பே கொடுத்திருக்கிறார்: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலர். மலர்க்காரர்கள் எங்கே பார்த்து எழுதியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இதை வைத்து ‘விக்கி என்றாலே குப்பை’ என்று கிளம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2005-ல் நேச்சர் என்கிற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் 162 பிழை, பிரிட்டானிக்காவில் 123. (பிரிட்டானிக்கா அந்த ஆய்வையே ஏற்கவில்லை, அது தனிச் சண்டை.) காசு கொடுத்து வாங்கும் கலைக்களஞ்சியத்திலும் பிழை உண்டு. ஆனால் அவை ஆங்கிலக் கட்டுரைகள், பல பேர் கண் படுகிற பக்கங்கள். நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் கண்டதை எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு யார் வருவார்? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும், எனக்குத் தெரிந்த ஒரு கிராமம் விக்கியில் ரொம்ப நாள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே கிடந்தது. ஆக, தளம் ஒன்றுதான். நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

அதனால் இப்போதெல்லாம் கட்டுரையைப் படிக்கும் முன் ‘வரலாறு’ என்கிற இணைப்பைத் தட்டிப் பார்க்கிறேன். எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள், எப்போது வைத்தார்கள் என்று அங்கே தெரிந்துவிடும். பிறகு அடிக்குறிப்பு. அதிலும் அந்தப் புத்தகம் முதலில் வந்ததா, விக்கி வரி முதலில் வந்ததா என்று தேதி பார்க்கிறேன். சூடு கண்ட பூனை.

என் வரியை நீக்கினேன். இரண்டே நாளில் ‘சான்றுள்ள தகவல் நீக்கப்பட்டுள்ளது’ என்று ஒருவர் திரும்பப் போட்டுவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரிதான். கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கான உரையாடல் பக்கத்தில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடமும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்ணூறு இல்லன்னா ஆயிரமா இருக்கும்டே” என்றார்.