டங்மர்க் பையன்களுக்குப் பனி இருக்கு, நம்ம பிள்ளைகளுக்குக் கடல் இருக்கா?

டிசம்பர் பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் காஷ்மீரில் இருக்கிற குல்மர்க் வீடியோக்கள் குவிய ஆரம்பித்துவிடும். ராணுவத்தில் இருந்த காலத்தில் அங்கே குளிர்காலப் பயிற்சிக்குப் போனவன் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் எங்கே யார் பனியில் சறுக்கினாலும் எனக்கு ஒன்று அனுப்பிவிடுவார்கள். "சித்தப்பா, இதெல்லாம் நீங்க செஞ்சீங்களா?" என்று ஒருவன். "மாமா, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்று ஒருத்தி. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் கயிறும் மிதவையும் விற்கிற என் கடையில் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்க்கும்போது ஆசையை விட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. எதற்கு எரிச்சல் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

வீடியோவில் தெரியாத குல்மர்க்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். ஹோட்டல்களும் ராணுவ முகாமும் கேபிள் கார் நிலையமும் இருக்கும், ஆனால் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கீழே டங்மர்க்கிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் இருந்து விடிகாலையில் ஏறி வந்து இருட்டினால் இறங்கிவிடுகிறவர்கள். டயருக்குச் சங்கிலி மாட்டி ஓட்டுகிற டிரைவர், கம்பூட்டும் கோட்டும் வாடகைக்கு விடுகிறவர், குதிரைக்காரர், மரப்பலகை வண்டியில் நம்மை உட்கார வைத்துக் கயிற்றால் பனியில் இழுத்துப் போகிறவர். அந்தக் கடைசி வேலையைப் பார்த்தால் உங்களுக்கு உட்கார மனசு வராது. டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பேர். அந்த நாட்களில் ஃபெரன் என்கிற நீள அங்கிக்குள்ளே காங்கிரி நெருப்புச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்காக நிற்பார்கள். கேபிள் கார் முதல் கட்டம் 1998இல் வந்தது, இரண்டாம் கட்டம் 2005இல், அது அஃபர்வட் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். காற்று கூடினால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பாம்பன் பாலத்தில் காற்று கூடினால் ரயிலை நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, டெல்லிக்காரர்கள்தான் கவுண்டரில் சண்டை போடுவார்கள்.

சரி, சறுக்குவதைப் பற்றி. 1948இல் தொடங்கிய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி அங்கேதான் இருக்கிறது, எங்களுக்கு அங்கேதான் பயிற்சி. காலில் மாட்டுகிற சறுக்குப் பலகைகளின் முன்முனையைக் குறுக்கிப் பின்முனையை அகட்டி வேகத்தைக் குறைக்கிறதில் ஆரம்பிப்பார்கள். அது இரண்டு நாளில் வந்துவிடும். வராதது வேறு. சரிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்த உடனே உடம்பு தானாகப் பின்னால் சாயும், பயத்துக்கு அதுதான் தெரியும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பக்கத்தில் எடை இல்லாமல் போய்விடும், எடை இல்லாத பலகை திரும்பாது, நேரே வேகமெடுத்துக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடும். எந்தப் பக்கம் பயமோ அந்தப் பக்கமே உடம்பைக் கொடுக்க வேண்டும். கணைக்கால் பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்த, முழங்கால் மடங்க, திருப்பத்தில் வெளிக்காலில் எடை இறங்க. எழுதினால் நாலு வரிதான், உடம்புக்கு ஏற வாரக்கணக்கில் ஆகும். எனக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் வந்ததற்குக் காரணம் திறமை கிடையாது, ஆடுகிற வள்ளத்தில் முழங்காலை மடக்கி நின்று வலை இழுத்து வளர்ந்த கால். பயிற்சி கொடுத்த ஹவில்தார் நம்பவில்லை. எந்த மலை ஊர் என்று கேட்டார், பாம்பன் என்றேன். உயரம் எவ்வளவு என்றார். அலை வந்தால் எங்க வீடு கடல் மட்டத்துக்குக் கீழே சார் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்த அதே சரிவில் டங்மர்க் பக்கத்துக் கிராமத்துப் பொடியன்கள், பலகையைச் சீவி முனையை வளைத்து, பழைய ரப்பர் வாரை ஆணியடித்துச் செய்த ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு, எங்களைச் சுற்றிச் சுற்றிப் போவார்கள். கையில் கம்பு கிடையாது, கையுறை கிடையாது. அப்பாக்கள் குதிரை பிடித்துக்கொண்டும் வண்டி இழுத்துக்கொண்டும் இருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூட லீவில் மலையை ஆண்டுகொண்டிருப்பார்கள். குல்மர்க்கில் 1927இல் பனிச்சறுக்குக்கு ஸ்கீ கிளப் தொடங்கினது வெள்ளைக்காரர்கள். அன்றைக்கு அந்த ஊர்க்காரனுக்கு அதில் இருந்த இடம் மூட்டை தூக்குவது. இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிறவனும், பனிச்சரிவு அபாயம் பார்த்துக் கயிறு கட்டி வழியை மூடுகிறவனும், மாட்டிக்கொண்டவனைத் தோண்டி எடுக்கிறவனும் பெரும்பாலும் அந்தப் பொடியன்களாக இருந்து வளர்ந்தவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பாக ஒரே ஒரு ஆள்தான் போனார், ஆரிஃப் கான், அந்தப் பகுதிக்காரர், அப்பா ஸ்கீ கடை வைத்திருந்தவர். கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கி இறங்குகிற ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45ஆவது இடம். 45ஆவது இடத்தில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு, அன்று பனி கொட்டியதில் அந்தப் போட்டியை முடிக்கவே முடியாமல் வெளியேறிய ஐரோப்பியர்கள் ஏராளம்.

என் எரிச்சல் இங்கேதான். நம்ம கரையில் வருஷத்துக்கு இரண்டு காற்று சீசன். கோடையில் தொடங்கி ஆடியில் உச்சத்துக்குப் போகிற கச்சான், மார்கழி தை மாசத்து வாடை. தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்தால் வடக்கே பாக் நீரிணை அடங்கியிருக்கும், அது சீறினால் இது அடங்கும். இப்படி இரண்டு கடலும் இரண்டு காற்றும் பத்து நிமிஷ பைக் தூரத்தில் கிடைக்கிற இடம் இந்தியாவில் எத்தனை இருக்கிறது? அதனால்தான் ராமேஸ்வரம் தீவுக்குக் கைட் சர்ஃபிங் பண்ண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பலகையில் நின்று தண்ணீருக்கு மேலே பறக்கிறார்கள். பார்க்க அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரையில் பாருங்கள். நம்ம பையன்கள் விழுந்த பட்டத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், கயிற்றுச் சிக்கல் எடுத்துவிடுகிறார்கள், பையைச் சுமக்கிறார்கள், இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். 1927 குல்மர்க். ஒன்றிரண்டு பேர் கற்றுக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு வந்திருக்கிறார்கள், நல்லது, ஆனால் அது அவரவர் அதிர்ஷ்டம்.

போன மாசம் இதை மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மீனை அரிந்தபடியே கேட்டார்கள், "கடல்ல என்ன தம்பி விளையாட்டு? உங்க அண்ணன் கடலுக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. எம்பிள்ளையாவது படிச்சு ஆபீஸ்ல உக்காரட்டும்." இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைச் சொல்லக் கேட்டு வளர்ந்த வீடுகள் இவை. புயல் கூண்டு ஏற்றினால், மீன்துறை டோக்கன் கொடுக்காவிட்டால், 61 நாள் தடைக்காலம் வந்தால், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், எல்லாவற்றிலும் முதலில் அணைவது இந்த அடுப்புதான். கடல் என்றால் அவர்களுக்கு வேலை, கடன், பயம். அந்தப் பக்கமே பிள்ளை தலை வைக்கக் கூடாது என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா, கடலை ஒட்டிய தெருவில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியவில்லை. லீவு நாளில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு படகின் நிழலில் உட்கார்ந்திருக்கிறான், அதில் குல்மர்க் வீடியோ பார்த்து எனக்கு அனுப்புகிறான்!

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். சின்னப்பாலம் கிராமத்தில் கடல் பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள், விரலில் துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு முங்குகிறவர்கள். மூச்சடக்கிப் பாறைக்கு அடியில் போய்ப் பாசியைப் பிய்த்து வருவார்கள், நானெல்லாம் அவர்களோடு போட்டி போட முடியாது. இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த நீச்சல்காரர்கள் அவர்கள்தான். அவர்களுடைய மகள்களில் பலர் இடுப்பளவு தண்ணீரில் கூட இறங்கியதில்லை. வயசுக்கு வந்த பிள்ளை நனைந்த துணியோடு கரையில் நிற்பதா என்பார்கள். அம்மா நனையலாம், அது பிழைப்பு. மகள் நனையக் கூடாது, அது விளையாட்டு. குல்மர்க் சரிவுகளில் தலையில் துணி கட்டிய காஷ்மீரிப் பெண் பிள்ளைகள் சறுக்கி வருவதை இன்றைக்குச் சாதாரணமாகப் பார்க்கலாம், அங்கேயும் ஊர் வாய் இல்லாமல் இல்லை.

பனிச்சறுக்கு மாதிரி இதையும் பெரிய சுற்றுலாத் தொழிலாக்கினால் ஊர் முன்னேறிவிடும் என்று சொல்கிறவர்களோடு நான் சேரவில்லை. வானத்தை நம்பின தொழில் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் குல்மர்க்கில் பனியே இல்லை, பழுப்புப் புல்தான். 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியைப் பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி வருகிற காற்றுச் சுழற்சிகள்தான் அங்கே பனியைக் கொட்டுகின்றன, அவை வராவிட்டால் வண்டி இழுக்கிறவனுக்கு அந்த வருஷம் பட்டினி. அப்புறம் ரிசார்ட் வந்தால் என்னவாகும் என்பதையும் பார்த்தாயிற்று, இங்கே ஒரு இடத்தில் காலங்காலமாக வலை காயப்போட்ட கரைக்குப் போகிற பாதையில் கம்பிவேலி நிற்கிறது. நான் கேட்பது பிழைப்பு வழி இல்லை. பிள்ளைகள் தங்கள் கடலில் விளையாட வேண்டும், அவ்வளவுதான். விளையாடிப் பழகின கடலில் எவனாவது வேலி போட்டால் அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள், விளையாடாத கடலை யார் எடுத்துக்கொண்டால் என்ன என்று இருந்துவிடுவார்கள்.

இது நமக்கு வெளியிலிருந்து வர வேண்டிய வித்தையும் இல்லை. தொண்டி பக்கம் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். காற்று ஒரு பக்கம் அழுத்த, படகு சாய, குறுக்கே நீட்டின பலகையில் ஆட்கள் கடல் மேலே ஏறி நின்று எடை கொடுத்து அதை நிமிர்த்துவார்கள், மணல் மூட்டையை அங்குமிங்கும் மாற்றுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டம் கட்டி ஓட்டுகிற போட்டியை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதில் ஜெயிக்கிறவர்கள் உடம்பால் செய்கிற கணக்கும் நம்ம பாய்மரக்காரர்கள் செய்கிற கணக்கும் ஒன்றுதான். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் நாட்டிலேயே முன்னால் நிற்கிறார்கள். அங்கே அலை, இங்கே காற்று. நம்மிடம் என்ன குறை? பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது, வரட்டும், சந்தோஷம். ஆனால் அகாடமி எடுத்துக்கொள்வது ஏற்கெனவே தண்ணீரில் இறங்கின பிள்ளையை. இறக்கிவிடுவது ஊர் வேலை.

எனக்குத் தோன்றுவது சின்னதுதான். சனி, ஞாயிறு காலையில், காற்று கிளம்புவதற்கு முன்னால், அடங்கின பக்கத்துக் கரையில், லைஃப் ஜாக்கெட் போட்டு நீச்சல். மூங்கிலும் பழைய பாயும் வைத்துச் சின்ன வத்தைப் படகில் பாய் பிடிக்கப் பழக்க நம்ம பெரியவர்களே போதும், அவர்களுக்கு இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்து சலித்துப் போயிருக்கிறது. பாசி எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்தால் பெண் பிள்ளைகளுக்கு அவர்களை விட நல்ல வாத்தியார் கிடைக்காது. கைட் சொல்லிக்கொடுக்கிற ஒரு தம்பியிடம் பேசினேன், கிழிந்து ஒட்டின பழைய பட்டங்கள் தருகிறேன் என்றான். லைஃப் ஜாக்கெட் என் கடையில் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லியாயிற்று. பையன்களுக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்தால்தான் ஆரம்பிப்பேன் என்றேன். "பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனவர்கள்தான், இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் என் முகநூல் நட்பில் இருக்கிறார்கள், தினமும் காலை வணக்கம் போடத் தவறுவதில்லை. இந்தப் பதிவில் அவர்களை டேக் பண்ணியிருக்கிறேன்.