சார்லி பாதி நாய் இல்லை

இங்கே போட்டிருக்கும் சார்லி என்ற கயோட்டியின் (ஓநாய்க்கு உறவான வட அமெரிக்கக் காட்டு விலங்கு) படங்கள் அருமைதான், அதன் மஞ்சள் கண்ணை நானும் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் ‘இது பாதி நாய், குட்டியில் எடுத்து வளர்த்தால் எந்தக் கயோட்டியும் இப்படிப் பழகிவிடும்’ என்று எழுதியிருப்பது தப்பு. சார்லி முழுக் கயோட்டி. 2007-இல் அமெரிக்காவின் வயோமிங்கில், ஆடுகளைக் கொன்றதற்காகத் அதன் தாயையும் தந்தையையும் சுட்டுவிட்டதால், கண்கூடச் சரியாகத் திறக்காத பத்து நாள் குட்டியாக ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது. பழகுவது வேறு, வீட்டு விலங்காவது வேறு. நாய் அப்படி மாற ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடித்தன. குட்டியில் மடியில் கிடக்கும் கயோட்டி, வளர்ந்து இணை தேடும் பருவம் வந்ததும் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் உறுமும், கடிக்கவும் கடிக்கும். அப்புறம் காட்டில் விடலாம் என்றால், மனிதரைக் கண்டு பயப்படாத கயோட்டியை ஆடு வளர்ப்பவர்கள் சும்மா விடுவார்களா?