விலைக்கு முன் பொருளைப் பாருங்கள்

பாலின்பத்துக்கான அதிர்வுக் கருவியான வைப்ரேட்டரை வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதிர்வின் வேகமும் விலையும் மட்டுமே அதன் தரத்தைத் தீர்மானிப்பதுபோல அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. உடலின் மென்மையான பகுதியில் படும் சாதனம் எதனால் செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மருத்துவத் தர சிலிக்கானில் நுண்துளைகள் இல்லாததால் மிதமான சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிடலாம். ஆனால் ‘ஜெல்லி’ என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் பிவிசி பிளாஸ்டிக் வகைகளில் கிருமிகள் தங்கிவிடுவதோடு, இளக்கத்துக்காகச் சேர்க்கப்படும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்களும் இருக்கக்கூடும். பெட்டியைத் திறந்ததும் புது மழைக்கோட்டின் நெடி அடித்தால் அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது. சாதனத்தை வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டை விரல் நுனியால் தடவிப் பார்ப்பதும் அவசியம். அங்கே சொரசொரப்பு இருந்தால், வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உறுத்தும். சிலிக்கான் சாதனத்துக்கு நீர் அடிப்படையிலான மசகே (வழவழப்புக்குத் தடவும் களிம்பு) ஏற்றது. சிலிக்கான் மசகு அதன் மேற்பரப்பைக் கெடுத்துவிடலாம். இத்தகைய சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 3533 என்ற பன்னாட்டுத் தரநிலை 2021-இல்தான் வந்தது (இவ்வளவு தாமதமா என்று கேட்கத் தோன்றுகிறது); அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ‘உடலுக்குப் பாதுகாப்பானது’ என்று மட்டும் அச்சிட்ட உறையை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க நான் தயாராக இல்லை.