வானம் பார்த்த பூமியை விட்டுக் கிளம்புமுன்

ஆறரை ஆண்டுகள் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் வாழ்ந்துவிட்டு, அடுத்த மாதம் டொரண்டோவுக்குக் குடிபெயர்கிறோம். செய்தி தெரிந்த நம்மவர்கள் வாழ்த்துகிறார்கள், வாழ்த்தோடு சேர்த்து, "அந்தப் பொட்டல்காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றும் தவறாமல் கேட்கிறார்கள். பி.என்.பி. எனும் மாகாணப் பரிந்துரைத் திட்டம் வழியாக சஸ்காச்சுவானுக்கு வந்து, பி.ஆர். எனும் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் நம்மிடையே பலர் என்பதால், இந்த மாகாணத்தை ரயில் மாறும் ஜங்ஷனாகவே நடத்துகிறோம். முதல் நான்கு ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளை இப்போது நட்டக்கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பனியுகம் முடிந்தபோது உருகிய நீர் பெரும் ஏரியாகத் தேங்கி, அதன் அடியில் படிந்த களிமண்ணின் மேல்தான் ரெஜைனா இருக்கிறது. அதனால்தான் சுற்றிலும் இஸ்திரி போட்டதுபோல் அவ்வளவு சமதளம். வறட்சியில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலை விடாமல் அப்பிக்கொள்ளும் அந்த மண் எனக்குப் புதிதல்ல. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். ஒரு ஜூன் மாலை, ஊருக்கு வெளியே கிரிட் ரோடு எனப்படும் சரளைச் சாலையில் காரை நிறுத்தி, ஷூவில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தவன் தற்செயலாக நிமிர்ந்தேன். மேற்கே ஓர் இடிமேகம் மேலே எழுந்து, உச்சியில் தட்டையாக விரிந்து, கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல்லைப் போல நின்றது. உள்ளே மின்னல் நொடிக்கொருமுறை ஒளிர்ந்து அடங்கியது. இடியோசை மட்டும் வரவே இல்லை. மறைக்க மலையோ மாடியோ இல்லாத இடத்தில் இத்தகைய மேகத்தின் உச்சி 200 கி.மீ. தொலைவிலிருந்தும் தெரியும் என்பதைப் பிறகு அறிந்தேன். என் தலைக்கு மேலே நீலம், தெற்கே வெயில், வடக்கே தனியாக ஒரு மழைத்தாரை. ஒரே வானத்தில் மூன்று ஊர்களின் வானிலையை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பிறகே சூரியன் மறைந்தது. அதுவரை வீட்டுக்குப் போகவில்லை, வாங்கிய பால் கெட்டுப்போனது.

குளிர்காலத்தைத் திட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மைனஸ் 30-இல், கார் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டரின் வயரைப் பிடுங்கச் செல்லும் காலையில், கிழக்கே சூரியனுக்கு இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் நிற்பதைப் பார்த்ததுண்டா? காற்றில் மிதக்கும் அறுகோணப் பனித்தகடுகள் ஒளியை வளைப்பதால் வருவது அது. துருவ ஒளியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நாம் முகநூலில் பகிரும் அந்தப் பச்சை, கேமரா கூட்டிக் காட்டுவது. வெறுங்கண்ணுக்குப் பல இரவுகளில் சாம்பல் புகைபோலத்தான் தெரியும்.

இந்த வானம் எல்லோருக்கும் அழகுப்பொருள் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். இங்குள்ள வயல்களில் பெரும்பாலானவை மழையை மட்டுமே நம்பியவை. நம் ஊரில் சொல்வதைப்போல, வானம் பார்த்த பூமி. நான் மெய்மறந்து நின்ற அதே மேகத்தைப் பார்த்து, கனோலா எனும் எண்ணெய்வித்துப் பயிரை விதைத்தவர் ஆலங்கட்டியை நினைத்துக் கலங்கியிருப்பார். காட்டுத்தீப் புகை சூழும் கோடைகளில் வாரக்கணக்கில் வானமே இருக்காது. ஆனாலும் அந்த விவசாயி தினமும் அண்ணாந்து பார்க்கிறார். கரிசலில் பிறந்த நான்தான் வந்த இடத்தில் கழுத்தை நிமிர்த்த மறந்திருந்தேன்.

இந்த மாகாணத்தின் கார் நம்பர் பிளேட்டில், உயிருள்ள வானங்களின் நிலம் என்ற பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் இருக்கும். ஒன்டாரியோ போனதும் எங்கள் பிளேட்டையும் மாற்ற வேண்டும். நேற்று காரைத் துடைக்கும்போது பார்த்தேன்: காய்ந்த களிமண் அந்த வாசகத்தைப் பாதி மூடியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எளிதில் வரவில்லை.