சாட்லரின் தாடையை வைத்து இந்தப் பெடியனை அடிக்காதீர்கள்

சனிக்கிழமை நடந்த ரக்பி லீக் ஆட்டத்தைப் பற்றித்தான். அந்தப் பெடியன் தலையில் அடிபட்டு எச்.ஐ.ஏ. என்கிற தலைக்காயச் சோதனைக்குப் போனான், திரும்பி வரவில்லை. ஆட்டம் முடிவதற்குள்ளேயே நம் ஆட்கள், அந்தக் காலத்தில் உடைந்த தாடையோடு ஆடிய ஜோன் சாட்லரின் பழைய கறுப்புவெள்ளைப் படத்தைப் பகிரத் தொடங்கிவிட்டார்கள். கீழே, "இவர்தான் ஆம்பிளை." அதற்கு எத்தனை கைதட்டல்!

எனக்கு ஆத்திரம் வந்தது, ஏனென்றால் சாட்லரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சிட்னிக்கு வந்த புதிதில் வேலையிடத்தில் சவுத்ஸ் (சவுத் சிட்னி அணி) ரசிகர்கள் சொல்லித்தான் அவர் கதை தெரியும். கரி கரி (Kurri Kurri) என்ற ஊர்க்காரர், முன்வரிசையில் ஆடும் ப்ரொப், 1963-இல் சவுத்ஸில் சேர்ந்தவர். 1967, 68, 70, 71 என நான்கு பட்டங்களுக்கும் அவர்தான் கேப்டன். ஆஸ்திரேலியாவுக்கு 4 டெஸ்ட். மைதானத்தில் அவ்வளவு முரடு, வெளியே அவ்வளவு மென்மை. 'ஜென்டில்மேன் ஜோன்' என்றே கூப்பிடுவார்கள்.

1970 இறுதிப்போட்டி, மான்லி அணியோடு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், பந்து வேறெங்கோ இருக்கும்போது மான்லியின் ஜோன் பக்னல் விட்ட குத்தில் சாட்லரின் தாடை மூன்று இடத்தில் உடைந்தது. அடிபட்டது எதிரணிக்குத் தெரியக்கூடாது, தன்னைத் தாங்கிப் பிடி என்று தன் அணி வீரர் மைக் கிளியரியிடம் சொன்னாராம். கடைசிவரை ஆடினார். 23-12 வெற்றி. கோப்பையை வாங்கி, அந்தத் தாடையோடு பேசவும் செய்தார்.

அந்த ஆட்டத்தில் சவுத்ஸின் எரிக் சிம்ஸ் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து நான்கு ஃபீல்ட் கோல் அடித்தார் என்பது படம் பகிர்ந்த எத்தனை பேருக்குத் தெரியும்? பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுத்த மூன்று டிரையும் சவுத்ஸுடையது, மான்லிக்கு ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தை வென்றது அந்த அணி. நமக்கு ஞாபகம் இருப்பது ரத்தம் மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாடை வேறு, மூளை வேறு. தாடை எலும்பு. கம்பி போட்டுக் கட்டினால் கூடும். மூளையை எந்தக் கம்பியால் கட்டுவீர்கள்?

சாட்லருக்கு வயதான காலத்தில் மறதி நோய் வந்தது. 2023 மார்ச்சில், 80 வயதில் இறந்தார். அந்தக் குத்தால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கடைசியில் பட்ட பாடு தெரிந்தும் அவர் படத்தைத் தூக்கி, தலையில் அடிபட்ட ஒரு பெடியனைக் கோழை என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்டீவ் ஃபோல்க்ஸைத் தெரியுமா? கேன்டர்பரி அணியின் ஃபார்வர்ட், நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியவர். 2018-இல் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்து, தலையில் அடிமேல் அடிபட்டு வரும் சி.டி.இ. என்ற மூளை நோய் இருந்ததாக 2019-இல் சொன்னார்கள். அவர் படத்தை யாரும் பகிரவில்லையே, ஏன்?

"அக்கா, உங்களுக்கு ரக்பியில் என்ன தெரியும்?" என்று கேட்கப் போகிறீர்கள். முதியோர் இல்லத்தில் மறதி நோயாளர் பகுதியில் வேலை செய்கிறேன், எனக்கு அது தெரியும். பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார், ஒரு காலத்தில் உள்ளூர் அணியில் ஆடியவராம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார். மனைவி தினமும் வருவார். அந்த அம்மாவை நீங்கள் யார் என்று கேட்பார், அவரும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்வார். நான் குளியலறைக்குள் போய் அழுதிருக்கிறேன்.

"அப்போ சாட்லர் செய்தது பிழையா?" இல்லவே இல்லை. அன்றைக்கு அவரை வெளியே அழைக்க எந்த விதியும் இருக்கவில்லை. தன் ஆட்களை விட்டுப் போக மனமில்லாமல் நின்றார். அதை மதிக்கிறேன், மதித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் இன்றைக்கு வெளியே போவது வீரரின் விருப்பமே இல்லை. சுயாதீன மருத்துவர் வீடியோவில் பார்த்துக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் 2023-இலிருந்து பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஓய்வு. விதிப்படி நடந்தவன் எப்படிக் கோழையாவான்?

"சிலர் நடிக்கிறார்கள்." நடிக்கட்டும். நடிக்கும் பத்துப் பேரை விடலாம், அடிபட்ட ஒருவனைத் திருப்பி அனுப்பக்கூடாது.

"சம்பளம் வாங்குகிறார்கள்தானே?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தப் பேச்சு பெரியவர்களோடு நிற்பதில்லை. என் மகனும் ஆடுகிறான். போன வருடம் தலை மோதி விழுந்து எழுந்தவன் நடக்கும்போது தள்ளாடினான். எல்லைக்கோட்டில் நின்ற ஒரு தகப்பன், "எழும்பி ஆடு, சாட்லர் போனாரா?" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற நம்மவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரும் சனிக்கிழமை படத்துக்குக் கைதட்டியிருக்கிறார்கள், பெயரைப் பார்த்தேன். என் பிள்ளைக்கு அன்றிரவு முழுக்க வாந்தி. ஒருவர்கூட ஒரு போன் எடுத்து எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

அவன் இந்த வருடமும் ஆடுவான். ஆட்டத்தை நான் வெறுக்கவில்லை, அவனும் விடமாட்டான். தலையில் அடிபட்டால் வெளியே வருவான். அதைப் பார்த்து யாராவது சாட்லர் பெயரைச் சொல்லிச் சிரித்தால், அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்பேன்.