சோற்றுப் பார்சலும் லஞ்ச் ஷீட்டும்

மத்தியானம் பன்னிரண்டரைக்கு கொழும்பு கோட்டைப் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். ஆவி பறக்கிற சோறு, மேலே பருப்பு, போஞ்சி, கோழிக் குழம்பு, எல்லாம் லஞ்ச் ஷீட் என்கிற ஒரு மெல்லிய பொலித்தீன் தாளில் விழும், அதைச் சுற்றிப் பத்திரிகைத் தாள், அதைப் போட ஒரு சிலிசிலி பை, அதாவது மெல்லிய பொலித்தீன் பை. அலுவலகத்தில் பிரிக்கும்போது ஷீட் சூட்டில் சுருங்கி, குழம்பெண்ணெய் அதில் படலமாக ஒட்டியிருக்கும். சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக்கில் உள்ள இரசாயனங்கள் சாப்பாட்டில் கசியும். அதை வழித்துத்தான் சாப்பிடுகிறோம்.

நானும் எட்டு வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். போன வருடம் இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் வீட்டிலிருந்து பெட்டி கட்டத் தொடங்கினேன். முழுக்க உடம்புக்காகத்தான், சுற்றாடல் பற்றி அப்போது ஒரு நினைப்பும் இல்லை. கடைப் பார்சலில் இரண்டு பேருக்குக் காணும் சோறு இருக்கும், காசு கொடுத்ததை எறிய மனம் வராமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேசையில் தூங்கி வழிவேன். இப்போது அளவாகச் சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல், பருப்பு, ஒரு மீன் துண்டு. சீனி இறங்கிவிட்டது. பிறகு ஒருநாள் சும்மா கணக்குப் பார்த்தேன்: வேலை நாளுக்கு ஒரு ஷீட், ஒரு பை என்றால் வருடத்துக்கு ஐந்நூறு. நான் ஒருத்தன் மட்டும்!

இந்த ஊரில் குப்பை வேறு, நோய் வருத்தம் வேறு இல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே வருடம்தான் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. வீசியெறிந்த யோகட் கோப்பையிலும் மடிந்து கிடக்கும் ஷீட்டிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்புக்கு அது போதும். அந்த செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்குத் தடையும் வந்தது. இன்றைக்கும் வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்தில் எது சிக்கிக் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

காலையில் சமைக்க நேரமில்லை என்பது நியாயமான பேச்சு, அதுவும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு. சரி, வெறும் பெட்டியையாவது கடைக்குக் கொண்டு போகலாமே. வீட்டில் சமைக்காத நாட்களில் நான் அப்படித்தான் செய்கிறேன். முதலில் போன கடையில் "அளவு பிழைக்கும்" என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த கடையில் "அண்ணா, இதிலேயே போடுங்கோ, சோறு பாதி காணும்" என்றேன், அவர் பெட்டியை வாங்கித் துடைத்து, சோற்றைக் குறைத்து, கேட்காமலே ஒரு கரண்டி கீரை கூடப் போட்டார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

நடையும் அப்படித்தான், உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. 2022இல் பெற்றோல் இல்லாதபோது எல்லோரும் நடந்தோம், சைக்கிள் மிதித்தோம். இப்போது அரைக் கிலோமீட்டருக்கும் த்ரீவீல் பிடிக்கிறோம். மாலையில் மரைன் டிரைவ் கடற்காற்று இருக்கும்போது ஏன் வாகனம் நெரியும் காலி வீதிப் புகைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும், சொந்தப் பெட்டியில் முகம் சுழிக்காமல் சோறு போட்டுத் தரும் கடைகள் தெரிந்தால் சொல்லுங்கள். அறையில் தங்கியிருக்கும் தம்பிகள் மூன்று பேர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.