ஒரு வரியில் அடங்காத நவம்பர் 23

வரலாறு, துணுக்கு, வானிலை, சொந்த நினைவு என நாள்தோறும் தாங்கள் தொகுத்துத் தரும் பகுதியை மட்டக்களப்பிலிருந்து தவறாமல் வாசித்து வருகிறேன். இன்றைய தொகுப்பில் '1978: இலங்கையில் சூறாவளி' என்ற ஒற்றை வரியைக் கண்டதும் மனம் அதைக் கடந்து போக மறுத்தது. அந்த வியாழக்கிழமை இரவு எங்கள் கரையைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைப் பறித்ததோடு, மாவட்டத்தின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதியையும் சாய்த்துவிட்டது. நட்ட தென்னம்பிள்ளை பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இழப்பு ஓர் இரவோடு முடிந்துவிடவில்லை. என் அம்மம்மா பிறப்பையும் திருமணத்தையும்கூட 'சூறாவளிக்கு முன்', 'சூறாவளிக்குப் பின்' என்றே கணக்கிடுவார்.

வானிலைக் குறிப்பில் கொழும்பின் வெயிலை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இங்கோ நவம்பர் முதல் ஜனவரி வரைதான் ஆண்டின் பெருமழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறது என்ற செய்தி வந்தாலே, பெரும்போக வயலை விதைத்தவர்களும் வாவியில் தோணி வைத்திருப்பவர்களும் வானத்தையே பார்த்திருப்பார்கள். ஆகவே மாரி காலத்திலாவது கிழக்குக் கரைக்கென இரண்டு வரிகளை ஒதுக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.